காயுது மாமா

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வைத்துத்தான் எனக்குப் பிழைப்பே நடக்கிறது. கரண்டை எவனும் பார்த்ததில்லை. ஆனால் டெஸ்டரை வைத்தால் விளக்கு எரியும், எரியாவிட்டால் அங்கே கரண்ட் இல்லை, அவ்வளவுதான் என் கணக்கு. பேய், காத்து, கருப்பு என்று யாராவது கடையில் வந்து ஆரம்பித்தால், "டெஸ்டரு வச்சா எரியுமா? எரியாதுல்ல, போய்ட்டு வா" என்று விரட்டிவிடுகிற ஆள் நான். வீட்டு வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டியதற்கே என் மனைவியிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

திண்டிவனத்தில் மரக்காணம் போகிற ரோட்டில் எனக்கு டூவீலர் வயரிங் கடை. இன்ஜின் வேலை தொடமாட்டேன், வயரிங் மட்டும்தான். ஒரு வண்டியை உள்ளே ஏற்றினால் ஆள் நிற்க இடமிருக்காது. தரையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டுதான் வேலை பார்ப்பேன். அதனால் வருகிறவர்களின் முகத்தை நான் கடைசியில்தான் பார்ப்பது, முதலில் தெரிவது கால்தான். பாதிப் பேரிடம் நிமிராமலே பேசி, நிமிராமலே அனுப்பிவிடுவேன். திமிர் பிடித்தவன் என்று என்னை ஊரில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கஸ்தூரி என்கிற பெண் எனக்குப் பழக்கமானது அவளுடைய ஸ்கூட்டரால். வேர்க்கடலை வாங்கி விற்கிற மல்லாட்டை மண்டி ஒன்றில் பில் போடுகிற வேலை அவளுக்கு. புருஷன் லாரியில் வடநாட்டுக்குப் போனால் மாதக் கணக்கில் வரமாட்டான். ஒரே பையன், நித்திஷ், யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி அது. முன்பக்கம் தீய்ந்த வாடை வருகிறது என்று கொண்டுவந்தாள். பிரித்துப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. முன்னால் வைத்திருந்தவன் இரண்டு எல்.இ.டி. விளக்கு, ஊரை எழுப்புகிற ஹாரன் எல்லாவற்றையும் லோடைத் தாங்குகிற ரிலே இல்லாமல் நூல் மாதிரி ஒயரில் இழுத்திருக்கிறான். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருக்கிறான். ஃபியூஸ் போகாது, வண்டிதான் போகும். ஹேண்டில் திரும்புகிற கழுத்துப் பக்கம் ஒயர் கட்டு முழுக்க உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது.

"இன்னாம்மா இது, பெட்ரோல் டேங்க்க வச்சிக்கினு அடுப்ப பத்த வச்சி ஓட்டிக்கினு இருக்க? செத்துருப்ப" என்று கத்திவிட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "திட்டுங்கண்ணே, பரவால்ல. ஆனா இந்த வண்டி நடுவுல நிக்கக் கூடாதுண்ணே. புள்ளைக்கி ஜொரம் வந்தா இழுப்பு வந்துடும். போன தடவ பஸ்ஸுக்கு நின்னு நின்னு, கைலயே விறைச்சிக்கினு கெடந்தான். அதுக்காவத்தான் இத வாங்கனதே" என்றாள்.

அதற்குமேல் நான் என்னத்தைத் திட்டுவது? ரிலே வைத்து, சரியான கனத்தில் ஒயர் இழுத்து, முறையான ஃபியூஸ் போட்டுக் கொடுத்தேன். பையன் பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஷூவோடு முன்னால் நின்றுகொண்டு ஹாரனை அழுத்திப் பார்த்தான். சத்தம் குறைந்துவிட்டது என்று அவனுக்கு வருத்தம். அம்மா என்னை அண்ணே என்றதால் அவன் தானாகவே மாமா என்று கூப்பிட ஆரம்பித்தான். "மாமா, பழைய ஹாரனே போடு மாமா" என்று போகிறவரை நச்சரித்தான்.

ஆனால் சூடு நிற்கவில்லை. சில வாரம் நன்றாக ஓடும், மறுபடியும் கழுத்துப் பக்கம் காய ஆரம்பிக்கும். ரெகுலேட்டரை மாற்றினேன், கழுத்தில் உரசுகிற இடத்துக்கு உறை போட்டேன், சாவி சுவிட்சையே மாற்றினேன். புறங்கையை வைத்துப் பார்த்தால் குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிற மாதிரி கதகதவென்று இருக்கும். எனக்கு மானப் பிரச்சனையாகப் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு ஸ்கூட்டர் என்னை இப்படிப் பேஜார் பண்ணியது கிடையாது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம். ஒரு நாள் சாயங்காலம் போன் பண்ணி மறுபடியும் வாடை வருகிறது என்றாள். "தொடாத. வூட்லயே நிறுத்து. நாளைக்கி பஸ்ல வேலைக்கிப் போ. நானே வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மழைக்காக ஸ்கூலுக்கு லீவு விட்டிருந்தார்கள். பையனைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் மண்டிக்குப் போயிருக்கிறாள். இது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அன்றைக்கு மத்தியானம் மரக்காணத்திலிருந்து மீன் கொண்டுவருகிற ஒருவரின் மொபெட் கடையில் நின்றது. உப்புத் தண்ணி ஒழுகி ஒழுகி ஒயரெல்லாம் பச்சை பூத்துப் போயிருந்தது. சீட்டைத் தூக்கிவிட்டு, தலையை உள்ளே விட்டு, வாயில் டேப்பைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிறேன். வெளியே மழை ஊற்றுகிறது. அப்போது பக்கத்தில் ஒரு ஜோடி கால் வந்து நின்றது. செருப்பில்லாத கால். வாலிபப் பையன் கால் என்று பார்த்ததும் தெரிந்தது. வலது காலில் கட்டைவிரலுக்கு அடுத்த விரல், கட்டைவிரல் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. எத்தனையோ கால் பார்த்திருக்கிறேன், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, அதனால் மனதில் நின்றுவிட்டது.

"காயுது மாமா" என்றான்.

இந்தப் பக்கம் முன்பின் தெரியாதவன் மாமா என்று கூப்பிட்டால் அடிதடியில் போய் முடியும். "யாருக்குடா மாமா? எந்த வண்டி?" என்றேன் நிமிராமலே.

"கஸ்தூரி வூட்ல. தொட முடியல, அப்படி காயுது."

அவள் சொந்தக்காரப் பையன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "எங்க காயுது?"

"கழுத்தாண்ட."

நான் சந்தேகப்பட்ட அதே இடம். "வெட்டுதா?" என்று கேட்டேன். கரண்ட் விட்டு விட்டு வந்தால் வண்டி வெட்டி வெட்டிப் போகும், அதைத்தான் கேட்டேன்.

"வெட்டி வெட்டி இழுக்குது மாமா."

"யாருடா ஸ்டார்ட் பண்ணது? நான்தான் தொடாதன்னு சொன்னேனே! மேல கவரு கிவரு மூடி வச்சிருந்தா எடுத்துடு, காத்தாட உடு. நேரா நிறுத்தாத, ஒருக்களிச்சி சாச்சி வை. தண்ணி கிண்ணி உள்ள இருந்தா வெளிய வடிஞ்சிடும். நான் வர்றேன், போ."

"ஜல்தி வா மாமா" என்றான். குரல் அழுகிற மாதிரி இருந்தது. இதுக்குப் போய் அழுகிறானே என்று டேப்பை அறுத்துவிட்டு நிமிர்ந்தேன். யாரும் இல்லை. ரோட்டில் மழைதான் இருந்தது.

கஸ்தூரி வீட்டில் ஸ்கூட்டர் நிற்பது சமையல்கட்டு ஜன்னலுக்குக் கீழே, உள்ளே கேஸ் சிலிண்டர். அது ஞாபகம் வந்ததும் மீன்காரரிடம்கூடச் சொல்லாமல் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, என் வண்டியை எடுத்துக்கொண்டு மழையில் போனேன். அதே ரோட்டில் கொஞ்ச தூரம் தள்ளிப் புதிதாக மனை போட்டிருக்கிற இடத்தில் அவள் வீடு.

போய்ப் பார்த்தால் ஸ்கூட்டர் அதன் பாட்டுக்கு நிற்கிறது. சாவி இல்லை. கழுத்தில் புறங்கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. சைலன்சரைத் தொட்டேன், அதுவும் ஜில். ஸ்டார்ட் பண்ணின வண்டியே இல்லை அது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பையன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் பல்லைப் பெயர்த்திருப்பேன். திரும்பி வண்டியை எடுக்கப் போகும்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கட்டில் கால் தரையில் தட்டுகிற சத்தம். டக் டக் டக் என்று, நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தது.

கதவு வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது. திறந்து உள்ளே போனேன். நித்திஷ் கட்டிலில் கிடந்தான். கண் மேலே செருகி, பல் கிட்டித்து, வாயில் நுரை வந்து, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. கழுத்தில் கையை வைத்தேன். கொதித்தது. கழுத்தாண்ட காயுது, வெட்டி வெட்டி இழுக்குது என்று கடையில் வந்து நின்றவன் சொன்னது வண்டியை இல்லை என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது.

அந்த நேரம் பக்கத்து வீட்டு அம்மா ரேஷன் பையோடு வந்துவிட்டார். தூங்குகிற பையன்தானே என்று தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனவர், பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டார். அவர் பின்னால் உட்கார்ந்து பையனை மடியில் வைத்துக்கொள்ள, நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு இழுப்பை நிறுத்தினார்கள். கஸ்தூரிக்குப் போன் பண்ணினேன். தலைவிரிகோலமாக மழையில் நனைந்துகொண்டு ஓடிவந்தாள். விழுப்புரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், நானும் கூடவே ஏறிக்கொண்டேன்.

ஆம்புலன்ஸ் ஏறுவதற்கு முன்னால், பையன் எப்படிக் கிடந்தான் என்று என்னிடம் கேட்டுவிட்டு அங்கிருந்த டாக்டரம்மா ஒன்று சொன்னார். "ஒருக்களிச்சுப் படுக்க வச்சது ரொம்ப நல்லதாப் போச்சு. மல்லாந்து கிடந்திருந்தா நுரை உள்ள போய் மூச்சு அடைச்சிருக்கும். போர்த்தாம வச்சதும் நல்லது. யார் பண்ணது?"

பக்கத்து வீட்டு அம்மாவைத்தான் எல்லோரும் பார்த்தோம். அவர் என்னவோ குற்றம் சுமத்தின மாதிரி பதறிப்போனார். "ஐயோ, நான் மல்லாக்கத்தாம்மா படுக்க வச்சேன். குளுருதேன்னு கழுத்து வரைக்கும் போத்தி உட்டேன். சாரலடிக்குதுன்னு ஜன்னலக்கூட சாத்திட்டுத்தான் போனேன்" என்றார்.

நான் உள்ளே போனபோது ஜன்னல் திறந்திருந்தது. போர்வை மடித்துக் கால்மாட்டில் இருந்தது. முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி விட்டு, பையன் ஒருக்களித்துக் கிடந்தான். இதெல்லாம் நான் ஸ்கூட்டருக்குச் சொன்னது. என் வாயால் சொன்னது. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூட எவனோ வழியில் போனவன் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான், உதவி செய்திருக்கிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். விழுப்புரத்தில் வார்டில் சேர்த்த பிறகு, பையன் அசந்து தூங்குகிறான், கஸ்தூரி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். பெட்ஷீட்டை இழுத்து விடலாம் என்று கால்மாட்டுக்குப் போனேன். வீட்டில் இருந்த பதற்றத்தில் காலைக் கவனிக்கவில்லை, அதற்கு முன்னால் அவனை நான் ஷூவோடுதான் பார்த்திருக்கிறேன். பிஞ்சுக் கால். வலது காலில் கட்டைவிரல் மேல் அடுத்த விரல் ஏறி உட்கார்ந்திருந்தது.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "இந்த மாதிரி விரலு உங்க வூட்ல வேற யாருக்கும்மா இருக்குது?" என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்லண்ணே. அவங்க சைடுலயும் இல்ல. பொறந்ததுலருந்தே அப்படித்தான். பெரியவனானா ஆபரேசன் பண்ணிக்கலாம்னு உட்டுட்டோம். ஏண்ணே?"

சொல்லியிருக்கக் கூடாது. அவள் அழுகையைப் பார்த்து எனக்கு மனசு தாங்கவில்லை. டெஸ்டரை வைத்து எரியாததை நம்பாதவன் நான், அன்றைக்கு அந்த வார்டில் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கால், குரல், மாமா என்று கூப்பிட்டது, நான் சொன்னது, உள்ளே போய்ப் பார்த்தது எல்லாம். கடைசியில், "உம் புள்ளைக்கி ஒண்ணும் ஆவாதும்மா. ஆளா வளந்து, வாலிபப் புள்ளையா எங் கடைல வந்து நின்னுட்டான். நான் கண்ணால பாத்துட்டேன். நீ அழுவாத" என்றேன்.

அழுகை நின்றுவிட்டது அவளுக்கு. என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் மீன்காரர் கடைக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "யாராண்ட அப்படி கத்திக்கினு இருந்த நேத்து? எதிர்ல டீக்கடைல உக்காந்து உன்னத்தான் பாத்துக்கினு இருந்தேன். ஒருத்தரும் வரல, நீயா பேசற, நீயா கத்தற, பாதி தொறந்த கடைய உட்டுட்டு ஓடற" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்கூட்டரை மறுபடியும் முழுக்கப் பிரித்தேன். காரணம் கிடைத்தது. கால் வைக்கிற பலகைக்கு அடியில் எர்த் போல்ட் ஒன்று துருப்பிடித்துப் போயிருந்தது. அந்த வழியில் திரும்ப முடியாத கரண்ட், கழுத்துப் பக்கத்து மெல்லிசு ஒயர் வழியாகத் திரும்பி அதைக் காய வைத்திருக்கிறது. துருவைச் சுரண்டி, புது போல்ட் போட்டு முறுக்கினேன். அதற்குப் பிறகு அந்த வண்டி காயவே இல்லை. எந்தச் சூட்டுக்கும் ஒரு காரணம் உண்டு, தேடினால் கிடைக்கும் என்று அப்போது எனக்கு ஒரு ஆறுதல்.

கஸ்தூரி நான் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பையனுக்குச் சளி பிடித்தாலே நடுங்குகிறவள், அதற்கப்புறம் காய்ச்சல் வந்தால்கூடத் தைரியமாக இருந்தாள். கடைக்கு வரும்போதெல்லாம், "எங்கண்ணன் இவன பெரியவனா பாத்துருக்காரு" என்று நிற்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். பையன் பெருமையாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பான். "நான் பெரியவனானா மீச வச்சிருந்தனா மாமா?" என்பான். காலைத் தவிர எதையும் பார்க்காத நான், "பெரிய மீசடா" என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த வெயில் காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அவள் பக்கத்திலேயே இருந்தாள், வேலைக்குக்கூடப் போகவில்லை. சூடு ஏறும்போதே பக்கத்து வீட்டு அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டாள். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள், விழுப்புரத்திலும் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். பையன் கண் திறக்கவில்லை. என் கடைக்கு அந்த நாட்களில் யாரும் வந்து நிற்கவில்லை. நான் ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாவு வீட்டில் பந்தலில் உட்கார்ந்து அங்கே வந்த அத்தனை ஆம்பளைகள் காலையும் பார்த்தேன். லாரியிலிருந்து ஓடிவந்த அவள் புருஷன் காலைப் பார்த்தேன், அவன் அண்ணன் தம்பி காலைப் பார்த்தேன். ஒருவருக்கும் அந்த விரல் இல்லை. பையனைத் தூக்கும்போது கஸ்தூரி கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள். "பாத்தேன்னு சொன்னீங்களேண்ணே" என்றாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பார்த்தேன். இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன், பார்த்தேன். வளர்ந்த கால் அது, மயிர் முளைத்த கால். வளராமலே போன பையனுக்கு அந்தக் கால் எங்கிருந்து வந்தது? அன்றைக்கு அழுகிற குரலில் ஜல்தி வா மாமா என்று கூப்பிட்டானே, அவன் யார், எங்கே போனான்? யோசித்து யோசித்து எனக்குத் தலையே கெட்டுப்போகிறது. என் மனைவி கட்டுகிற பூசணிக்காயை இப்போதெல்லாம் நான் ஒன்றும் சொல்வதில்லை.

கஸ்தூரி இன்னும் மண்டிக்குத்தான் போய்வருகிறாள். மழை பெய்கிற நாட்களில் வேலை முடிந்ததும் கடைக்கு வருவாள். வண்டியில் ஒரு கோளாறும் இருக்காது. ஸ்டூலை இழுத்துப் போட்டால் உட்காரமாட்டாள், என் பக்கத்தில் தரையில் ஒரு அட்டையை விரித்து உட்கார்ந்துகொள்வாள். உட்கார்ந்து, ரோட்டில் போகிற வருகிற கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போகச் சொல்ல எனக்கு வாய் வராது. நானும் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் நல்ல மழை. நெடுநேரம் உட்கார்ந்திருந்தவள், கிளம்பும்போது என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அவ்ளோ கிட்ட வந்து நின்னிருக்கான். ஒரே ஒரு தடவ நிமிந்து எம் புள்ள மூஞ்சிய பாத்துருக்கக் கூடாதாண்ணே?"